மூணாறு போகும் வழியில் போடி

மூணாறுக்குப் போகிறவர்கள் போடிநாயக்கனூரில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு நாளாவது தங்கிப் பார்க்க வேண்டிய ஊர் இது.

நூறாண்டுகளுக்கு முன் மூணாறுத் தேயிலை வெளியூர் போனதே இந்த வழியில்தான். 1902இல் மூணாறை அடுத்த குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் வண்டி இழுத்தன. 1908இல் அங்கே சிறு ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதை முடிந்த இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்தன. 1924 பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடியோடு அழித்தது.

போடிக்கு ரயில் வந்தது 1928இல். இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு மறுபடி போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் திரும்பி வந்தது.

ஊருக்குள் ஜமீன் அரண்மனை இருக்கிறது; அதன் சுவர்களில் ராமாயணக் காட்சிகள் ஓவியமாக விரிகின்றன. ஆனால் போடியின் உயிர் ஏலக்காயில் இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, விலை கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் கேரளப் பக்கம் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு இது.

அந்தக் காய் வரும் வழி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு மேலே போனால் தெரியும். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. மரநிழலில், செடியின் அடியில், தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கிறது. ஈர மண்ணில் குனிந்தும் குந்தியும், முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். நாலைந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்தினால் ஒரு கிலோதான் தேறும்.

காய் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போடியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் விடியற்காலையில் தூக்குவாளியோடு ஜீப்பேறி, மாலையில் மலையிறங்குகிறார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் அந்தப் பயணம் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. அவர்களுக்குப் பாதுகாப்பான வண்டி ஏற்பாடு செய்வது தோட்டக்காரர்களின் கடமை, அரசின் கடமை.

போடிக்கு அருகே குரங்கணிப் பக்கம் மலையேற நினைப்பவர்கள் வனத்துறை அனுமதியில்லாமல் காலெடுத்து வைக்கக் கூடாது. 2018 மார்ச் காட்டுத்தீ அங்கே 23 பேரைப் பலிகொண்டது. காலையில் போடிமெட்டுக்குக் கார் ஓட்டுகிறவர்கள், வளைவுகளில் தோட்ட ஜீப்புகளுக்கு வழிவிட்டுப் போங்கள்.