கடலை இழந்த தீவு: நெதர்லாந்தின் மார்கன் கிராமம்

ஆம்ஸ்டர்டாமில் இருந்து வடகிழக்கே பஸ் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் மார்கனில் இறங்கிவிடலாம். கடைசிச் சில நிமிடங்கள் இருபுறமும் தண்ணீர். நடுவே ஒற்றைச் சாலை. 1957-ல்தான் இந்தச் சாலை வந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக மார்கன் ஒரு தீவு. வெளியூர் போக வேண்டுமென்றால் படகுதான்.

கார்களை ஊர் வாசலில் உள்ள நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். உள்ளே போனால் பச்சை வண்ணம் பூசிய மர வீடுகள், ஒருவர் பின் ஒருவர் போகும் அளவுக்குக் குறுகிய சந்துகள், சின்னச் சின்ன மரப்பாலங்கள். பார்க்க பொம்மை ஊர் போல இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு வீட்டின் அமைப்புக்குப் பின்னாலும் வெள்ள பயம் இருக்கிறது.

மேட்டின் மேல் ஊர்

13-ம் நூற்றாண்டில் இங்கு வந்த ஃப்ரீஸ்லாந்துத் துறவிகள் கரை கட்டி விவசாயம் செய்தார்கள். கடல் கரையை உடைத்துக்கொண்டே இருந்தது. பயிர் போனது, மக்கள் மீன்பிடிக்க மாறினார்கள். மண்ணைக் கொட்டி மேடுகள் எழுப்பி, அவற்றின் மேல் நெருக்கியடித்து வீடு கட்டினார்கள். இந்த மேட்டுக்கு 'வெர்ஃப்' என்று பெயர். மேட்டில் இடம் தீர்ந்ததும், மரக்கால்கள் நட்டு அவற்றின் மேல் வீடு கட்டினார்கள். வெள்ளம் வந்தால் வீட்டுக்கு அடியில் புகுந்து போய்விடும்.

எல்லா வெள்ளமும் அப்படிப் போகவில்லை. 1916 ஜனவரி 13 இரவு, ஸாய்டர்ஸே கடலில் எழுந்த புயல் மறுநாள் விடிவதற்குள் ஊரைப் புரட்டிப்போட்டது. வீடுகளும் படகுகளும் சிதறின. இந்தச் சின்னத் தீவில் மட்டும் 16 பேர் இறந்தார்கள்.

பாதுகாப்பின் விலை

கடலையே அடைத்துவிடலாம் என்ற யோசனை அதற்கு முன்பே இருந்தது. பொறியாளர் கொர்னேலிஸ் லேலி 1891-லேயே திட்டம் தீட்டியிருந்தார். செலவுக்கு அஞ்சி அரசு தயங்கியது. 1916 வெள்ளமும், முதல் உலகப்போர் காலத்து உணவுத் தட்டுப்பாடும் தயக்கத்தை உடைத்தன. 1918-ல் சட்டம் வந்தது. 1932-ல் 32 கிலோமீட்டர் நீள ஆஃப்ஸ்லாய்ட்டைக் அணை கடலின் வாயை மூடியது. லேலி அதைப் பார்க்கவில்லை, 1929-ல் காலமாகிவிட்டார்.

அணைக்குள் அடைபட்ட கடல், ஆற்று நீர் கலந்து கலந்து நன்னீர் ஏரியானது. வெள்ள பயம் போனது. கூடவே ஹெர்ரிங் மீனும் நெத்திலியும் போயின. உயிரைக் காப்பாற்றிய அணையே பிழைப்பைப் பறித்தது. பரம்பரை மீனவர்கள் பலர் வேறு வேலை தேடிக் கரைக்குப் போனார்கள். வெள்ளம் வராது என்றானதும், வீட்டு மரக்கால்களுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தைச் சுவர் வைத்து மூடி அறைகளாக்கிக்கொண்டார்கள். இன்று அந்த வீடுகளைப் பார்ப்பவர்களுக்கு, கீழ்த்தளம் பிறகு வந்தது என்றே தெரியாது.

சுற்றியுள்ள ஏரியையும் வற்றவைத்து, மார்கனை நிலத்தோடு நிலமாக்கும் திட்டமும் இருந்தது. 1957-ல் போட்ட சாலைக்கரை அதன் ஒரு பகுதிதான். நீண்ட விவாதத்துக்குப் பின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதனால்தான் மார்கனைச் சுற்றி இன்றும் தண்ணீர் இருக்கிறது.

என்னவெல்லாம் பார்க்கலாம்?

தீவின் கிழக்கு முனையில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். 1839-ல் கட்டியது. கோபுரமும் ஒட்டிய வீடுகளும் சேர்ந்து தூரத்தில் குதிரை போலத் தெரிவதால், 'மார்கன் குதிரை' என்று பெயர். கரை மேலேயே நடந்து போகலாம். காற்று பலமாக அடிக்கும், தொப்பி ஜாக்கிரதை!

1904-ல் கட்டிய தேவாலயத்துக்குள் நுழைந்தால் அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து கப்பல் மாதிரிகள் தொங்கும். கடலை நம்பி வாழ்ந்த ஊரின் பிரார்த்தனை அது. பழைய மீனவர் குடில்களில் அமைந்த அருங்காட்சியகத்தில், ஒரே அறைக்குள் மொத்தக் குடும்பமும் எப்படி வாழ்ந்தது என்று பார்க்கலாம். பூவேலை செய்த பாரம்பரிய உடைகளும் உண்டு. அந்தக் காலத்தில் சின்ன வயது ஆண் பிள்ளைகளுக்கும் பாவாடைதான்! இப்போதும் ஏப்ரலில் வரும் மன்னர் தினத்தன்று பலர் அந்த உடையை எடுத்து உடுத்திக்கொள்கிறார்கள்.

கோடையில் போகிறவர்கள், திரும்பும்போது வோலெண்டாமுக்குப் படகில் போகலாம்; அரை மணி நேரப் பயணம். கரை விலக விலக, மேடுகள் மீது கூட்டமாக நிற்கும் வீடுகள் தெரியும். மார்கன் மீனவர்கள் வலையோடு ஊர் திரும்பியபோது பார்த்த காட்சியும் ஏறக்குறைய அதுதான். தண்ணீர் மட்டும் இப்போது உப்புக் கரிக்காது.