லாக்... லாக்... லாக்... ஸ்டார்ட்!

நம்ம ஊர்ல மார்கழிக் காலையில பைக் ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன பண்ணுவீங்க? சோக்கை இழுத்துவிட்டு கிக்கரை நாலு உதை. அப்பவும் மசியலைன்னா எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு ஒரு தள்ளு. மேட்டர் ஓவர். ஸ்வெட்டர்கூடத் தேவைப்படாத குளிர் அது.

நான் மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கிற ஊர் கனடாவுல வின்னிபெக். இங்கே ஜனவரியில மைனஸ் 30 டிகிரி எல்லாம் சர்வ சாதாரணம். சில நாள் மைனஸ் 40-ஐயும் தொட்டுட்டு வரும். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டுற இடம் மைனஸ் 40-னு பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல படிச்சிருப்பீங்களே... அதை முகத்துல அனுபவிச்சுப் பார்க்கணும் பாஸ்!

இந்தக் குளிர்ல காரை வீட்டுக்குள்ளே இருந்தபடியே ரிமோட்ல ஸ்டார்ட் பண்றதுக்கு ஒரு கருவி இருக்கு. பேரு ரிமோட் ஸ்டார்ட்டர். 'அட, பணக்காரங்க ஆசை'னுதானே நினைக்கிறீங்க? இங்கே அது கிட்டத்தட்ட ஸ்வெட்டர் மாதிரி. ஆனா அதை வாங்கக் கிளம்பினப்போதான், எதுக்குக் காசு கொடுக்கணும், எதுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு ஒரு பாடமே படிச்சோம். உங்களுக்கும் ஒருநாள் உதவும்கிறதால சொல்றேன், கேளுங்க.

மூணு பேர், ஒரு கார்

நாங்க மூணு பேர் ஒரு வீட்டோட பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கோம். நான், ஒரு பஞ்சாபி நண்பன், நாகர்கோவில் நண்பன் ஒருத்தன். மூணு பேரும் காசு போட்டு ஒரு 2010 மாடல் டொயோட்டா கொரோல்லா வாங்கினோம். ஆட்டோமேட்டிக் கியர். சாவி ஆளுக்கு ஒண்ணு.

இதுல நாகர்கோவில்காரனுக்குத்தான் கார் ரொம்ப முக்கியம். முதியோர் இல்லத்துல காலை 6.30 மணி ஷிஃப்ட். வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பு நடக்குற நாட்கள்ல கேம்பஸுக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்னு 2024 நவம்பர்ல விதி வந்தது. அந்த 24 மணி நேரத்துல ஒரு ஷிஃப்ட் போச்சுன்னா அந்த மாச வாடகையில ஓட்டை. அதைவிட, இவன் லேட்டானா அங்கே ஒரு பாட்டி படுக்கையை விட்டு எழும்ப ஆள் இல்லாம காத்துக்கிட்டு இருப்பாங்க. அவன் கவலை அதுதான்.

காலையில அஞ்சரைக்குப் போய்க் கண்ணாடியில இருக்கிற பனியைச் சுரண்டி, காரைச் சூடாக்கிக் கிளம்ப அரை மணி நேரம். கையுறையைக் கழற்றினா ரெண்டு நிமிஷத்துல விரல் மரத்துப் போயிடும். 'சாவியைப் போட்டு ஓடவிட்டுட்டு உள்ளே வந்து டீ குடிக்கலாமே'னு கேட்பீங்க. கார் திருடனுக்கு அதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது! 2000-கள்ல வின்னிபெக் கார் திருட்டுக்குப் பேர்போன ஊர். அதனாலேயே 2007-ல, அதிகமா திருடு போற மாடல் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம்னு இந்த மாகாணத்துல உத்தரவு போட்டாங்க.

ஸோ, 2024 டிசம்பர்ல ரிமோட் ஸ்டார்ட்டர் வாங்குறதுன்னு முடிவாச்சு.

முதல்ல பேட்டரி, அப்புறம்தான் ரிமோட்

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். ரிமோட் ஸ்டார்ட்டர் காரைச் சூடாக்காது. ஓடுற என்ஜின்தான் சூடாக்கும். ஓடாத என்ஜினை எந்த ரிமோட்டும் ஓட வைக்காது. மைனஸ் 18-ல ஒரு கார் பேட்டரியோட தெம்பு கிட்டத்தட்ட பாதியாயிடும். ஆயில் தேன் மாதிரி கெட்டியாயிடும். பாதித் தெம்புல தேனைக் கடையச் சொன்னா பாவம் பேட்டரி என்ன பண்ணும்?

அதனால இந்த ஊர்க் கார்களோட முகத்துல ஒரு கரன்ட் வயர் தொங்கும். முதல் தடவை பார்த்தப்போ 'என்னடா, எல்லாம் எலெக்ட்ரிக் காரா?'ன்னு நினைச்சேன். அது பிளாக் ஹீட்டர். என்ஜினைச் சூடா வச்சிருக்கிற ஹீட்டர். கார் நிறுத்துற இடத்துலயே பிளக் பாயின்ட் இருக்கும். ராத்திரி முழுக்க ஓட விடத் தேவையில்லை. ஒரு டைமர் போட்டு, கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி ஆன் ஆகுற மாதிரி வச்சாப் போதும். நாங்க புது பேட்டரி, குளிருக்கு ஏத்த ஆயில், டைமர் மூணையும் முடிச்சுட்டுத்தான் ரிமோட்டுக்குப் போனோம்.

மூணு கடை, மூணு விலை

முதல் கடையில 250 டாலர். 'ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடலாம். இன்னொரு சாவி மட்டும் கொடுத்துட்டுப் போங்க'ன்னாங்க. சாவி எதுக்கு? இங்கேதான் கவனிக்கணும் நீங்க.

கனடாவுல 2007 செப்டம்பருக்கு அப்புறம் வந்த கார்கள்ல இம்மொபிலைசர் கட்டாயம். சாவியோட பிளாஸ்டிக் தலைக்குள்ளே குட்டியா ஒரு சிப் இருக்கும். அந்த சிப்பைக் கார் அடையாளம் கண்டாத்தான் என்ஜின் ஓடும். ரிமோட்ல ஸ்டார்ட் பண்ணும்போது சாவி உங்க பாக்கெட்ல இருக்குமே, காருக்கு எப்படித் தெரியும்? அதுக்காக 'பைபாஸ் மாட்யூல்'னு ஒரு சின்னப் பெட்டி வைப்பாங்க. ரிமோட் உத்தரவு வரும்போது மட்டும் 'சாவி வந்தாச்சு'ன்னு காருக்கு அது தகவல் சொல்லும். மாண்ட்ரியல்ல இதுக்குன்னே கம்பெனிகள் இருக்கு. அந்தப் பெட்டிக்கு ஆகுற செலவை மிச்சம் பிடிக்க, முதல் கடைக்காரர் நிஜ சாவியையே டேஷ்போர்டுக்குள்ளே ஒளிச்சு வைக்கிறேன்னார். வீட்டுச் சாவியைக் கதவிலேயே ஒட்டி வச்சு, மேலே காலண்டர் மாட்டுற மாதிரி!

'பானெட் ஸ்விட்ச் வைப்பீங்களா?'ன்னு கேட்டான் பஞ்சாபி நண்பன். 'அதெல்லாம் தேவையே இல்லை, யாருமே கேட்கிறதில்லை'ன்னு பதில் வந்தது. கும்பிடு போட்டுட்டு வந்துட்டோம்.

ரெண்டாவது கடை பளபளன்னு இருந்தது. 700 டாலர். செல்போன் ஆப்ல உலகத்துல எங்கே இருந்தும் ஸ்டார்ட் பண்ணலாமாம். அந்த ஆப்புக்கு வருஷா வருஷம் சந்தா. என் கார் நிற்கிறது என் ஜன்னலுக்கு வெளியே. நான் எதுக்கு ஆண்டிப்பட்டியில இருந்து அதை ஸ்டார்ட் பண்ணணும்?

மூணாவது கடை ரொம்பச் சின்னது. அங்கே இருந்த பெரியவர் விலையே சொல்லலை. கேள்வியா கேட்டார். ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? எத்தனை பேர் ஓட்டுறீங்க? எத்தனை சாவி? கடைசியா ஒண்ணு: 'ராத்திரி காரை எங்கே நிறுத்துவீங்க?'

'வீட்டுக்காரங்க கராஜ்ல இடம் தர்றதாச் சொல்லியிருக்காங்க'ன்னோம். சட்டுனு நிமிர்ந்து பார்த்தார். வீட்டோட ஒட்டின கராஜா? ஆமா. மேலே யார் இருக்காங்க? வீட்டுக்காரங்க, அவங்க பொண்ணு, எட்டு மாசக் குழந்தை. 'அப்போ கராஜ் வேண்டாம். வெளியிலேயே நிறுத்துறதா இருந்தா மட்டும் நான் மாட்டித் தர்றேன்'னுட்டார்.

கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்குக் காரணம் புரிஞ்சிருக்கும். கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேலே இறுக்கிப் பிடிச்சுக்கும். பாக்கெட்ல இருக்கிற ரிமோட் தெரியாம அமுங்கி, மூடின கராஜுக்குள்ளே கார் தானா ஓட ஆரம்பிச்சா, அந்தப் புகை கதவிடுக்கு வழியா வீட்டுக்குள்ளே போகும். தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது. வெளியில நிறுத்தினாலும், சைலன்சர் குழாய் பனியில புதைஞ்சிருந்தா முதல்ல அதைத் தோண்டி எடுக்கணும். அப்புறம்தான் ஸ்டார்ட்.

வீட்டுக்கார அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைச் சொன்னதும், 'வெளியிலேயே விடுங்கோ தம்பி. பிளக் பொயின்ட் நான் போட்டுத் தாறன். பிள்ளையை விடப் பெரிசா கார்?'னு முடிச்சுட்டார். அந்த வாரமே அலாரத்துக்குப் பேட்டரியும் மாத்தினார்.

480 டாலருக்கு என்ன கிடைச்சது?

மூணாவது கடையில மொத்தம் 480 டாலர். அப்போ இந்த மாகாணத்துல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் 80 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்க, முப்பது மணி நேர உழைப்பு! அதனால உட்கார்ந்து என்னென்ன மாட்டுறார்னு பார்த்தேன். நாலு மணி நேர வேலை. 'ஸ்டார்ட்' பண்றதுக்கான வயர்கள் கொஞ்சம்தான். மீதி அத்தனையும் 'நிறுத்துறதுக்கான' வயர்கள்!

கியர் பார்க்கிங்ல இல்லைன்னா ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆன பிறகு, சாவி போடாம யாராவது பிரேக்கை மிதிச்சா என்ஜின் அணைஞ்சிடும். கண்ணாடியை உடைச்சு ஏறுற திருடனும் ஓட்டிட்டுப் போக முடியாது. நாம ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டு 'ஆன்' வரைக்கும் திருப்பி, அப்புறம் பிரேக்கை மிதிச்சாத்தான் கார் நம்ம கைக்கு வரும். யாருமே வரலைன்னா 15 நிமிஷத்துல தானா நின்னுடும். பானெட் திறந்திருந்தா ஸ்டார்ட்டே ஆகாது.

மேனுவல் கியர் காருக்கு இன்னும் கஷ்டம். நம்ம ஊர்ல முதல் கியர்ல போட்டு நிறுத்துற பழக்கம் உண்டே. அப்படி நிற்கிற காரை ரிமோட்ல ஸ்டார்ட் பண்ணினா முன்னாடி பாய்ஞ்சிடும். அதனால ஒரு தந்திரம். நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, என்ஜின் ஓடும்போதே இறங்கிக் கதவைச் சாத்தணும். அப்புறம்தான் என்ஜின் நிற்கும். அதுக்குப் பிறகு யாராவது கதவைத் திறந்தா ரிமோட் ஸ்டார்ட் ரத்து. கியரைத் தொட்டிருக்கலாமேங்கிற சந்தேகம்தான்!

தனி ரிமோட்டும் வேண்டாம்னுட்டோம். காரோட பழைய சாவியிலேயே 'லாக்' பட்டனை மூணு தடவை அமுக்கினா ஸ்டார்ட். தூரம் குறைவு, காசும் குறைவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை

பிப்ரவரியில ஒருநாள். கண்ணாடி கழுவுற திரவம் தீர்ந்துபோச்சு. நான் பானெட்டைத் திறந்து, மைனஸ் 40 வரைக்கும் உறையாத அந்த நீலத் தண்ணியை ஊத்திக்கிட்டு இருந்தேன். கழுத்துல சுத்தியிருந்த மஃப்ளரோட முனை கீழே தொங்கி, ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்துல ஆடிக்கிட்டு இருந்தது.

நாகர்கோவில்காரன் அப்போதான் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்திருந்தான். 'காரைப் பூட்டினோமா?'ன்னு அவனுக்கு ஒரு சந்தேகம் வரும், எப்பவும் வரும். படுக்கையில இருந்தே சாவியை ஜன்னல் பக்கம் நீட்டினான். லாக். சத்தம் கேட்கலை. லாக். லாக்.

காரோட விளக்குகள் சில தடவை கண் சிமிட்டின. அவ்வளவுதான். என்ஜின் அசையலை.

பானெட் திறந்திருக்குன்னு அந்த ஸ்விட்ச் சொல்லிடுச்சு. முதல் கடையில 'யாருமே கேட்கிறதில்லை'ன்னு சொன்னாங்களே, அதே ஸ்விட்ச். என் சுண்டு விரல் அளவுகூட இருக்காது. நான் மஃப்ளரைக் கழற்றிப் பின் சீட்ல போட்டுட்டு, ரொம்ப நேரம் அந்த ஸ்விட்ச்சையே பார்த்துக்கிட்டு நின்னேன். உள்ளே போய் அவன்கிட்டே சொன்னதும் எழுந்து உட்கார்ந்தவன், ராத்திரி வரைக்கும் பேசவே இல்லை. அன்னைக்கு வீட்டுல ஒரு சட்டம் போட்டோம்: பானெட்டைத் திறக்கிறவன் மத்த ரெண்டு சாவியையும் வாங்கி வச்சுக்கணும்.

உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?

'எங்க ஊர்ல பனியே இல்லையே'ன்னு தப்பிக்காதீங்க. 2019-ல வந்த ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ்ல எல்லாம் போன்லயே என்ஜினை ஸ்டார்ட் பண்ற வசதி இந்தியாவுக்கே வந்தாச்சு. சித்திரை வெயில்ல கார் ஏறுறதுக்கு முன்னாடி ஏ.சி. ஓடிக்கிட்டு இருக்கணும்ல! அந்த வசதி இல்லாத காருக்கு வெளியில மாட்டித் தரவும் கடைகள் உண்டு.

கடைக்குப் போறவங்க அஞ்சு கேள்வி கேளுங்க. பானெட் ஸ்விட்ச் உண்டா? பிரேக்கை மிதிச்சா நிற்குமா? எத்தனை நிமிஷத்துல தானா அணையும்? என் சாவியை உள்ளே ஒளிச்சு வைப்பீங்களா? வயரை வெட்டினா கம்பெனி வாரன்டி என்ன ஆகும்? வேலை முடிஞ்சதும் பானெட்டைத் திறந்து வச்சு, தள்ளி நின்னு, ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஸ்டார்ட் ஆச்சுன்னா காசு கொடுக்காதீங்க. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல, மூடின ஷெட்டுல வேண்டவே வேண்டாம். ரொம்ப நேரம் ஓட விடவும் வேண்டாம். இந்தக் காலத்து என்ஜினுக்குக் கனடா குளிர்லயே ரெண்டு மூணு நிமிஷம் போதும்னு இங்கே அரசாங்கமே சொல்லுது. கண்ணாடி தெளிஞ்சதும் கிளம்பிட வேண்டியதுதான்.

பட்டனை அமுக்கினதும் ஸ்டார்ட் ஆகுற வண்டியை யார் வேணும்னாலும் பண்ணிக் கொடுத்துடுவாங்க மக்களே. ஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்துல ஸ்டார்ட் ஆகாம இருக்கணும். அந்த 480 டாலர் அதுக்குத்தான்!