பொறுத்திருக்கலாமா?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் இல்லம் சந்திக்கச் செல்கையில் பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு: "ஃபாதர், பிள்ளைக்கு இப்பவே கம்ப்யூட்டர் வாங்கலாமா? ஆறு மாசம் பொறுத்தா புதுசு வருமாமே?"

சிறுகச் சேர்த்த பணம், கேள்வி நியாயமானதே. ஆயினும், புதுமைக்கு ஓர் எல்லை இல்லை. ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்கள் ஆண்டுதோறும் இரட்டிக்கும் எனக் கார்டன் மூர் 1965இல் கணித்தார். 1975இல் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். அதன்பின் எந்த ஆண்டில் வாங்கியவருக்கும், அடுத்து மேலான ஒன்று வந்துகொண்டேதான் இருந்தது. பொறுத்தால் விலை குறையும் என்பதும் உறுதியன்று. செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை பெருகியதால், 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது.

எளிய கருவியும் உரிய வேளையில் கிடைத்தால் பயன் தரும். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. மாணவர்க்குக் கிடைத்தவை உயர்ரகக் கருவிகள் அல்ல. ஆனால் படிக்கும் வயதில் கிடைத்தன.

வீட்டிலுள்ள கணினி இன்றைய பாடத்திற்குப் போதுமானால் பொறுத்திருப்பது விவேகமே. மலிவு என்பதற்காக மிகப் பழையதை வாங்குவதும் தகாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்குமா எனக் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

தேவை இன்றே இருக்குமானால், கைக்கு எட்டியதை இன்றே வாங்குவோம். கணினி அடுத்த ஆண்டும் கடையில் இருக்கும். பிள்ளையின் பிளஸ் டூ ஆண்டு திரும்பி வராது.