செத்தவீட்டுக்கு முந்தி

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் சனம் கூடிவிடும். மரண உதவிச் சங்கத்தின் பந்தலும் கதிரைகளும் லாண்ட்மாஸ்டரில் வந்து இறங்கும். தேத்தண்ணிக்கு ஒருத்தர், விறகுக்கு ஒருத்தர், பறைக்காரருக்குச் சொல்ல ஒருத்தர் என்று யாரும் ஏவாமலே வேலை பிரியும். வன்னியில் எதற்குக் குறை இருந்தாலும் செத்தவீட்டுக்கு ஆள் குறைவதில்லை.

அந்தச் சாவுக்கு முந்திய ஆறு மாதத்தில்தான் ஒருவரையும் காணோம். கட்டிலடியில் மனைவியோ மகளோ தனியே கிடந்து மாய்வாள்.

பெரியப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். இலங்கையில் ஆண்களை அதிகம் பிடிக்கிற புற்றுநோய் இதுதான். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. முன்பென்றால் கொழும்புக்குக் கிட்ட மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழும்பியதால் பயணம் பாதிக்கும் குறைவாயிற்று. ஆனாலும் முல்லைத்தீவின் உள்ளூர்களிலிருந்து அது ஒரு முழுநாள் அலைச்சல். எந்த ஆஸ்பத்திரியிலும் ஒருநாள் அந்த வசனம் வரும்: “இனிச் செய்ய ஒண்டுமில்லை, வீட்டை கொண்டுபோங்கோ.”

அது சரியில்லை. செய்ய எவ்வளவோ இருக்கிறது.

புண் கன்னத்தைத் துளைத்து வெளியே வந்தபின் மணம் தாங்கமுடியாமல் போயிற்று. பேரப்பிள்ளைகள் கிட்டப் போகவில்லை. கட்டிலைப் பின்விறாந்தைக்கு மாற்றும்படி அவரே சொன்னார். பக்கத்து ஊரில் இருந்த, இளைப்பாறிய தாதி ஒருவர் வந்து பார்த்தார். டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, மெட்ரோனிடசோல் குளிசையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவினார். வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கிற மலிவான குளிசைதான். சில நாளில் மணம் அடங்கியது; கட்டில் திரும்பவும் முன்னுக்கு வந்தது.

வலியைக் கண்டுபிடிக்கத்தான் தாதி கஷ்டப்பட்டார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்பது படித்த முறை. பெரியப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: “பரவாயில்லைப் பிள்ளை.” 2009 மே மாதம் காலில் காயத்தோடு முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த மனுசன், இதற்கு வாய் திறப்பாரா? தாதி கேள்வியை மாற்றினார். “ராத்திரி எத்தினை மணிக்கு எழும்பினீங்கள், ஐயா?” பதில் குசினிக்குள் இருந்து வந்தது. பெரியம்மா சொன்னா: “படுத்தால்தானே எழும்ப!”

அதன்பிறகு டொக்டர் மோர்பின் பாணி எழுதிக் கொடுத்தார். நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம். படுக்கப்போகும்போது கொஞ்சம் கூட்டி. மலச்சிக்கல் வருமென்பதால் அதற்கும் கூடவே மருந்து. “அதைக் குடுத்தால் ஆள் கெதியாய்ப் போயிடுமாம்” என்று சொந்தக்காரர் ஒருத்தர் காதுக்குள் ஓதினார். வலிக்கேற்ற அளவில் கொடுத்தால் மோர்பின் ஆளைக் கொண்டுபோவதில்லை. பெரியப்பா மூன்றாம் நாள் 304 விளையாட ஆள் தேடினார். தோற்றால் கத்தவும் செய்தார்.

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் தொடங்கிய சாகும்வரை நோயாளியைப் பராமரிக்கும் மருத்துவமனை மாதிரி ஒன்று எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எனக்கு அதைவிடக் கேரளம்தான் கிட்ட. கோழிக்கோட்டில் 1993இல் டொக்டர் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய நோய்தணிப்புப் பராமரிப்பு, பின்னர் அயலவர்களின் வேலையாக ஊரூராய்ப் பரவியது. பயிற்சி எடுத்த ஊர்ச்சனம் புண் கழுவும், படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிவிடும், பேசிக்கொண்டிருக்கும். தாதியும் டொக்டரும் முறைவைத்து வருவார்கள். 2008இல் அரசு அதைக் கொள்கையாக்கியது. இலங்கையும் 2019இல் இதற்கொரு தேசியத் திட்டம் எழுதியது. எழுதியது நல்லதுதான். ஆனால் ஏ9 வீதியில் இருந்து உள்ளே இறங்கும் கிரவல் ரோட்டால் அது வந்து சேர, ஊருக்குள்ளும் நாலு பேர் எதிர்பார்த்து நிற்கவேண்டும்.

அந்த நாலு பேர் சங்கத்தில் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். போன கூட்டத்தில் கேட்டேன்: ஒரு காற்று மெத்தையும், கிளினிக் போக ஓட்டோக் காசும் சங்கத்தால் கொடுக்கலாமா?

செயலாளர் கொப்பியைப் புரட்டினார். “யாப்பில இடமில்லை, மாஸ்டர். ஆள் செத்தால்தான் காசு எடுக்கலாம்.”

யாப்பைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொருளாளர் தங்கச்சி மட்டும் கூட்டம் கலையும்போது கிட்ட வந்து, மெத்தை என்ன விலை வரும் என்று விசாரித்தாள்.