கறுப்பு மணலும் வெண்கல மீனும்

"வாங்கும்போது நல்ல நிறமாக இருந்ததே, இப்போது ஏன் வெளிறிப் போய்விட்டது?" மீன் வளர்ப்பவர்கள் கடைக்காரரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எங்கள் வீட்டில் இது அழகு பற்றிய கேள்வி மட்டுமல்ல. உம்மா வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் ஐந்து தொட்டிகளில் அலங்கார மீன் வளர்த்து விற்கிறார். என் பிரத்தியேக வகுப்புக் கட்டணமும் தம்பியின் வேன் காசும் அதிலிருந்துதான் வருகின்றன. மீன் வெளிறினால் அந்தக் காசும் குறையும்.

உம்மா வளர்ப்பவற்றுள் முக்கியமானது வெண்கலக் கோரிடோராஸ். தென்னமெரிக்க நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட சிறிய கெளுத்தி இனம். வாயருகே மீசை இருக்கும். செதில்களுக்குப் பதிலாக உடலின் இரு பக்கமும் எலும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும். நாள் முழுவதும் தொட்டியின் அடியைக் கிளறிக்கொண்டே திரியும். நலமாக இருக்கும்போது அதன் பக்கங்களில் பச்சையும் செம்பும் கலந்த மினுக்கம் தெரியும்.

சென்ற வருடம் மீன் எடுக்க வருபவர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்தா, நிறமே இல்லையே. பாதி விலைக்குத்தான் எடுக்கலாம்" என்றார். நிறம் ஏற்றும் தூள் ஒன்று இருப்பதாகவும், தீனியோடு கலந்து கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று உம்மா கேட்டார். அது அவருக்கும் தெரியவில்லை. "என்னண்டு தெரியாத சாமான உயிருக்குக் குடுக்க ஏலா தம்பி" என்று உம்மா மறுத்துவிட்டார். அன்று பாதி விலைக்குத்தான் மீன் போனது.

அப்போது நான் தரம் 12இல் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். மீன்களின் நிறம் பற்றித் தேடி வாசித்தேன். மீனின் தோலில் நிறக்கலங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு வகையில் மெலனின் என்னும் கருமையான துணிக்கைகள் உண்டு. அவை கலமெங்கும் பரவினால் மீன் கருமையாகத் தெரியும். கலத்தின் நடுவே ஒடுங்கினால் வெளிறித் தெரியும். சுற்றுப்புறம் வெளிச்சமானதா இருண்டதா என்பதைக் கண் உணர்கிறது. அதற்கேற்ப நரம்புகளும் கபச்சுரப்பியின் ஓமோன்களும் அந்தத் துணிக்கைகளை நகர்த்துகின்றன. எதிரியின் கண்ணில் படாமல் இருக்க இது ஓர் இசைவாக்கம். பயம், அசுத்தமான நீர், இடநெருக்கடி ஆகியவற்றாலும் நிறம் மாறும்.

இதை வாசித்தபோதுதான் எங்கள் தொட்டிகள் நினைவுக்கு வந்தன. கழுவ இலகு என்பதற்காக அவற்றுக்கு வெள்ளை டைல்ஸ் பதித்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதற்கு முன் அவை பாசி படிந்த சீமெந்துத் தொட்டிகள்.

உம்மாவின் அனுமதியோடு ஆறு மீன்களை, வழுவழுப்பான கறுப்பு மணல் பரப்பிய வேறொரு கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன். தீனியை மாற்றவில்லை. மறுநாள் காலையிலேயே அவற்றின் முதுகு கருமை கொண்டிருந்தது. வேறு ஆறு மீன்களை வெள்ளைத் தொட்டியிலேயே பிரித்து வைத்து, உலர் தீனியோடு ஆட்டீமியாவும் பொடியாக நறுக்கிய இறாலும் கொடுத்தேன். அவை உடனே மாறவில்லை. சில வாரங்களில் உடல் தடித்தது. செட்டைகளில் மெல்லிய செம்மை தெரிந்தது. முதுகு மட்டும் வெளிறியே இருந்தது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. மெலனினை மீனின் உடலே உருவாக்கும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களைத் தரும் கரோட்டினொயிட்டுகளை எந்த மீனாலும் புதிதாக உருவாக்க முடியாது. அவை அல்காக்களில் உருவாகி, அவற்றை உண்ணும் இறால் போன்ற சிற்றுயிர்கள் வழியாக மீனுக்கு வருகின்றன. மன்னாருக்கு வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பும் இப்படி உணவிலிருந்து வருவதுதான். ஆனால் உணவுக்கும் மணலுக்கும் எல்லை உண்டு. அல்பினோ கோரிடோராஸுக்கு எதைக் கொடுத்தாலும் கருமை வராது. மெலனினை உருவாக்கும் வழி அதன் பரம்பரையலகிலேயே தடைப்பட்டிருக்கிறது. சில நாடுகளில் அந்த வெள்ளை மீன்களுக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள் என்று வாசித்தபோது மனம் வலித்தது.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "உம்மா, கறுப்பு மணல் போட்டு விக்கிறதும் ஒரு ஏமாத்துத்தானே?" என்று கேட்டேன். உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "மகள், மறைச்சு வித்தா ஏமாத்து. மணலாலதான் இந்த நிறம் எண்டு சொல்லி வித்தா ஏன் ஏமாத்து? அவங்களும் மணல் போட்டா அங்கயும் இதே நிறந்தானே" என்றார்.

அடுத்த முறை அவர் வந்தபோது உம்மா அப்படியே சொன்னார். மீன்களைப் பிடித்து வெள்ளை வாளியில் விட்டதும், சற்று நேரத்தில் அவர் கண் முன்னாலேயே வெளிறத் தொடங்கின. "இதுக்கு வருத்தம் ஒண்டும் இல்ல தம்பி, வாளிதான் வெள்ள" என்றார் உம்மா. அவர் முழு விலை தரவில்லை. பாதி விலையும் பேசவில்லை. இடைப்பட்ட ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மணல் எங்கே வாங்கினோம் என்று கேட்டுப் போனார்.

உங்கள் வீட்டுக் கெளுத்தி வெளிறினால் உடனே நிறத் தூள் தேடிப் போகாதீர்கள். முதலில் தொட்டியின் அடியையும் வெளிச்சத்தையும் பாருங்கள். பிறகு நீரின் சுத்தத்தைக் கவனியுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மரத்துண்டோ செடியோ இருக்கிறதா? ஒரே உலர் தீனியைத்தான் மாதக்கணக்கில் கொடுக்கிறீர்களா? இவையெல்லாம் சரியாக இருந்தும் மீன் சோர்ந்து கிடந்தால், அது நோயாக இருக்கலாம்.

எங்கள் கொட்டிலில் இதுவரை மூன்று தொட்டிகளுக்குக் கறுப்பு மணல் போட்டாயிற்று. மற்ற இரண்டுக்கும் அடுத்த விற்பனைக் காசு வந்த பிறகுதான்.