கடற்கரைக்கு மணல்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள பால்வாடிகளில், மூன்று வயதுப் பிள்ளை நின்றபடி கைவிட்டு அளையும் உயரத்தில், கால் வைத்த மரத்தொட்டி ஒன்று செய்து மணல் நிரப்பி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. சொன்ன உடனே ஒரு கேள்வி வரும்: கடல் வாசலிலேயே கிடக்கும்போது தொட்டியில் எதற்கு மணல்? வாசலில் கிடப்பது கடல்தான், மணல் இல்லை. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்தப் போக்கு தடைப்பட்டது. தெற்கே மணல் தேங்கித் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டியது வரவில்லை. அலையோ இருந்ததை எடுத்துப் போவதை நிறுத்தவில்லை. வீடும் தெருவும் கடலுக்குள் போன பிறகு பாறாங்கல் கொட்டினார்கள், பின்னர் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். வளைவுகளுக்கு நடுவே சில இடங்களில் மணல் திரும்பியிருப்பது உண்மை. ஆனால் அதைத் தொட, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவுச்சாலையைக் கடந்து கருங்கல் மேல் ஏறி இறங்க வேண்டும். நான்கு வயதுக்கு அது நடக்கிற காரியமில்லை. மெரினாவில் பிள்ளைகள் தோண்டி விளையாடும் மணலில் ஒரு பங்கு காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டியது. ஆகவே இதை நான் சலுகையாகப் பார்க்கவில்லை, பாக்கியாகவே பார்க்கிறேன்.

மணல் தொட்டி வெளிநாட்டு மோகம், பணக்காரப் பள்ளிக்கூட அலங்காரம் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதற்குப் பதில் சென்னையின் வரலாற்றிலேயே இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆதரவற்றோர் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். பட்டாளத்தில் இருந்த ஐரோப்பியர்களின் பையன்கள் படித்த இடம் அது. அரிச்சுவடி வகுப்பு நகரவே இல்லை. ஒரு காலை குதிரையில் போகும்போது நம்மவர் நடத்திய பள்ளி ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்ததுதான். பெல்லுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னார், ஆசிரியர்கள் மனம் வைக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார், அது பலித்தது. 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார், ‘மெட்ராஸ் முறை’ என்ற பேர் கடல் கடந்து போனது. ஜோசப் லங்காஸ்டர் நடத்திய ஏழைகள் பள்ளிகளில் மணல் தரையை விட்டு எழுந்து, விளிம்பு கட்டிய மர மேசையில் ஏறியது. கால் வைத்த மணல் தொட்டிக்கு அது நேர் முன்னோடி. ஆக, சென்னை மண்ணில் பிறந்த ஒன்றைச் சென்னைக்கே கேட்பதில் மோகம் எங்கே இருக்கிறது?

எழுதுவது வேறு, விளையாடுவது வேறு என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். விளையாட்டு மணலுக்குச் சான்று பாஸ்டன் நகரம். பெர்லினின் பூங்காக்களில் பிள்ளைகளுக்காக மணல் கொட்டி வைத்திருப்பதைப் பார்த்த மருத்துவர் மேரி ஜாக்ஷெவ்ஸ்கா ஊருக்கு எழுதினார். 1885-இல் பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில் ஒரு சிற்றாலய முற்றத்தில் மணல் குவிக்கப்பட்டது. நார்த் எண்ட் துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான குடியேறிகள் பேட்டை. கடல் பக்கத்திலேயே இருந்தது, ஆனாலும் பிள்ளைகளுக்கு மணலைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் விளையாட்டு மைதான இயக்கம் அந்த மணல் குவியலிலிருந்து தொடங்கியதாகத்தான் அதன் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

தரையில் பள்ளம் வெட்டிக் கொட்டினால் போதாதா என்றால், இந்த வட்டாரத்தில் போதாது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றுப் பக்கம் எவ்வளவு படிந்திருக்கிறது என்பது ஊரறிந்தது. அந்தச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம் போன்றவை இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் வரை படிந்தது. தரையோடு இருக்கும் மணல் முதல் வெள்ளத்திலேயே கெட்டுவிடும். உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் தப்பும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் பக்கத்தில் வந்து கை நீட்டலாம். மரம் ஏன் என்றால் இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடித்து விளிம்பு கூராகும், வெயிலில் சுடும். மரவேலை தெரிந்த கைகளும் இங்கே உண்டு, விசைப்படகுக்குப் பலகை மாற்றுகிற காசிமேட்டு ஆசாரிகளுக்கு இது அரைநாள் வேலை. துறைமுகப் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் பேலட் கட்டைகளை எடுப்பதானால் முத்திரையைப் பார்க்க வேண்டும். ‘எச்டி’ என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது. ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, பிள்ளைகளுக்கு ஆகாது. ரசாயனமோ எண்ணெயோ சிந்திய கறை உள்ள கட்டை எந்த முத்திரை இருந்தாலும் வேண்டாம்.

மணல் லேசான பொருளில்லை. ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்தால் காய்ந்த மணலே ஏறக்குறைய அரை டன். நனைந்தால் இன்னும் கூடும், ஆறு பிள்ளைகள் சாய்ந்து தொங்குவார்கள். நான்கு மூலைக்கு நான்கு கால் வைத்தால் நடுப்பலகை தொய்யும், நடுவிலும் தாங்கல் வேண்டும், நீர் வடிய அடியில் துளைகளும் அவற்றின் மேல் துணியும் வேண்டும். எம்-சாண்ட் கட்டடத்துக்குச் சரி, ஆனால் உடைத்த கல்லின் கூர்முனையும் நுண்தூசியும் சின்ன மூச்சுக்குழலுக்கு ஒத்துவராது. கடல் மணலில் உப்பு, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கழுவிச் சலித்த ஆற்று மணல்தான் வேண்டும்.

நோய் வரும் என்ற கவலைதான் எல்லாவற்றிலும் நியாயமானது. திறந்த மணலைப் பூனை கழிப்பிடமாக்கும், நாயும் பூனையும் விடும் புழுக்கள் பிள்ளைகளின் தோலுக்கும் வயிற்றுக்கும் போகும். பிள்ளைகள் போனதும் மூடி போட வேண்டும், வாரம் ஒருமுறை கிளறி வெயில் காட்ட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை மணலை மாற்ற வேண்டும். மூடுவதும் கிளறுவதும் பால்வாடியில் நடக்கலாம். மணல் மாற்றுவதைச் சமைத்து, எடை பார்த்து, பதிவேடு எழுதி ஓய்ந்துபோகும் ஊழியர் தலையில் கட்டக் கூடாது. இந்தக் கரையின் மணலை மறித்து நிற்கும் துறைமுகம் அதை ஏற்பதே முறை. ஒரு தொட்டிக்கு அரை டன் என்றால், பத்து டன் ஏற்றும் டிப்பர் லாரி ஒரே நடையில் இருபது பால்வாடிகளுக்கு மணல் கொண்டுவந்துவிடும்.