மாவுயித் தீவின் வடகரையில்

பசுபிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளுள் பரப்பில் இரண்டாவது இடம் பெறுவது மாவுயி. அருகருகே எழுந்த இரண்டு எரிமலைகளின் அடிவாரங்கள் ஒன்றோடொன்று பொருந்தியமையால் உண்டான தீவு இது. கிழக்கே நிற்பது ஹலியாக்கலா. அதன் உயரம் 3,055 மீற்றர். மேற்கே அதனினும் தாழ்ந்த, ஆனால் செங்குத்தான மலைத்தொகுதி. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு தாழ்ந்த சமவெளி. வடகீழ்த் திசையிலிருந்து ஆயிரக்கணக்கான மைல்கள் தடையின்றி வரும் வியாபாரக் காற்று, இம்மலைகளால் நெருக்குண்டு இச்சமவெளி வழியே பாய்கின்றது. ஒடுங்கிய வழியிற் புகுந்த காற்று வேகங் கொள்ளும் என்பதைக் கிடுகுவேலிகளுக்கிடையே ஒழுங்கையில் நடந்த நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இக்காற்று எப்பொழுதும் விளையாட்டுத் தோழனாக இருப்பதில்லை. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இத்தீவின் மேற்குக் கரையிலுள்ள லகைனா நகரில் மூண்ட தீயை வீடு வீடாகக் கொண்டு சென்றதும் காற்றேயாகும். நூறு உயிர்கள் வரை மாண்டன. தீவினர் இன்றும் காற்றைப் பற்றிப் பேசும்பொழுது குரலைத் தாழ்த்தியே பேசுகின்றனர்.

ஆயினும் உலகின் பல தேசங்களிலிருந்தும் இளைஞர் இங்கு வருவது அக்காற்றை நாடியே. பாய்ப்பலகை ஓட்டும் கலைக்கு இத்தீவின் வடகரை ஒரு பெரும் பள்ளிக்கூடம். ரொறன்ரோ நகரில் வாழும் என் பெறாமகனும் அவ்வாறு வந்தவனே. வயது இருபத்திரண்டு. ஒன்ராறியோ ஏரியில் இரண்டு கோடை பழகியவன். ஏரி போதாது, சமுத்திர அலை வேண்டும் என்று புறப்பட்டு விட்டான். அண்ணன் காலமான பின்னர் அண்ணிக்கு அவன் ஒருவனே ஆறுதல். “தம்பி, நீங்கள் சொன்னால் கேட்பான், ஒருக்கால் போய்த் தடுத்துப் போடுங்கோ” என்று அவர் தொலைபேசியிற் கூறியதன் பொருட்டே, ஹொனலூலு வரை வேறொரு காரியமாகச் சென்றிருந்த நான் மாவுயிக்கு விமானமேறினேன். ஒன்றைக் கண்ணாற் காணாமலே தடுப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று என்பது என் எண்ணம். ஆதலால் முதலிற் பார்ப்போம் என்று கரையில் அமர்ந்தேன்.

இக்கருவியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நீண்ட பலகை ஒன்றின் மேல் பாய்மரம் நிற்கின்றது. சுக்கான் இல்லை. மரமும் அசையாது நாட்டப்பட்டதன்று. எத்திசையிலும் சாயத்தக்க ஒரு மூட்டினாற் பிணைக்கப்பட்டது. பாயை முன்னே சாய்த்தால் பலகையின் மூக்குக் காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். கப்பலிற் கயிறுகளும் சுக்கானும் செய்யும் வேலை முழுவதையும் ஈண்டு மனிதனின் இரு கைகளும் இடுப்புமே செய்தல் வேண்டும்.

இதனை முதலிற் கண்டவர் யார் என்பது நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹொயில் சுவைட்சர், ஜிம் டிரேக் என்னும் இருவர் 1968 இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தனர். ஆனால் 1958 இலேயே இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீற்றர் சில்வேர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் இத்தகைய பாய்ப்பலகை ஒன்றைத் தானே செய்து ஓட்டியிருந்தான் என்பது பின்னர் வெளிவந்தது. ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் அச்சிறுவனின் விளையாட்டைச் சான்றாகக் கொண்டு, அந்த ஆக்கவுரிமை அங்குச் செல்லாது எனத் தீர்த்தது. 1976 இல் உலகப் போட்டியில் வென்ற ரொபி நேஷும் அப்பொழுது பதின்மூன்றே வயதினன். சிறுவர் விளையாட்டென்று நாம் தள்ளிவிடுவன எங்கெங்கோ சென்று சேர்கின்றன! 1984 இல் இஃது ஒலிம்பிக் விழாவிலும் இடம் பெற்றது.

கனஹா என்னும் கடற்கரையிற் பாடம் நடந்தது. கரையருகே பவளப்பார் காக்கும் அமைதியான நீர், பாரின்மேல் வெண்ணுரை, அதற்கப்பால் திறந்த சமுத்திரம். தலை நரைத்த ஓர் அம்மையாரே ஆசிரியை. முதல் நாள் காலையில் அவர் பெறாமகனை நீரில் இறங்கவே விடவில்லை. கரையில் நின்று அலைகளை எண்ணச் செய்தார். அலைகள் ஒரே அளவினவாய் வருவதில்லை. பெரியவை சில கூட்டமாக வந்தபின் ஓர் ஓய்வு உண்டு. வட பசுபிக்கின் தொலைப் புயல்களிற் பிறந்து, நீளத்திற் சிறிதே வேறுபட்ட அலைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதனால் இவ்வேற்றமும் தணிவும் உண்டாகின்றன. பௌதிகம் பயிலும் மாணவர், ஒலியில் அடிப்புகள் பிறக்கும் முறையை இங்கு நினைவு கொள்ளலாம். அந்த ஓய்வினுள்ளேயே பாரைக் கடத்தல் வேண்டும்.

இரண்டாம் நாள் மற்றைய விதிகள். நுரை வரும்பொழுது அதற்கு நேரே மூக்கைக் காட்டு. பக்கத்தைக் காட்டினால் உருட்டிவிடும். உடற்பாரத்தைப் பின்காலுக்கு மாற்றி மூக்கை உயர்த்து. பெரிய அலைகளுக்கிடையிலான பள்ளத்திற் காற்றுத் தணியும்; அப்பொழுது பாயிற் சாய்ந்து நிற்பவன் பின்புறமாக விழுவான். விழுந்தால், பலகைக்கும் கரைக்கும் நடுவே நில்லாதே; அடுத்த அலை பலகையை உன் தலைமேல் எறியும். இவை யாவற்றிலும் பெரிய விதி ஒன்று: பலகையைக் கைவிடாதே. நீந்தும் தலையைக் கடலில் எவரும் காணார். பலகையைக் காண்பர், அது மிதக்கவும் செய்யும்.

மூன்றாம் நாள் அவன் பாரை நோக்கிச் சென்றான். இரண்டு நுரைகளை ஏறிக் கடந்தான். மூன்றாவது, பாயை அவன் கையிலிருந்து பறித்தது. நிறப் பாய் ஒருமுறை எழுந்து மறைந்தது. பின்னர் பலகை மாத்திரம் தனியே கரையை நோக்கி உருண்டு வந்தது. அதன்பின் சென்ற நாற்பது நிமிடங்களைப் பற்றி விரித்தெழுத எனக்கு மனமில்லை. அம்மையார் உடனே பலகையேறிக் காற்றுத் திசையிற் சென்று தேடினார். நானோ மணலில் ஓடி ஓடி, தெரிகின்ற ஒவ்வொரு கறுப்புப் புள்ளியையும் தலையென்று எண்ணினேன். நீரோட்டம் அவனை மேற்கே துறைமுகப் பக்கமாக இழுத்துச் சென்றிருந்தது. அதனோடு மல்லுக்கு நில்லாது குறுக்காக நீந்தி, முழங்காலிற் பவளம் கிழித்த காயத்துடன் கரையோரமாக நடந்து வந்தான். “சித்தப்பா, அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ” என்பதே முதல் வார்த்தை.

அன்று மாலை அம்மையார் எங்களை ஹோக்கிப்பாவுக்கு அழைத்துச் சென்றார். ஹவாய் மொழியில் இப்பெயர் விருந்தோம்பலைக் குறிக்கும். வல்லவர்கள் மட்டுமே இறங்கும் கரை அது. அங்கே வீடுயர அலைகளின் முகத்தில் பாய்கள் சறுக்கி இறங்கி மீண்டும் ஏறின. சில, அலையின் முடியிலிருந்து வானில் எழும்பிப் பலகையோடு புரண்டு விழுந்தன. காற்றுத் தள்ளும் பக்கத்தில் கரும்பாறைகள். பலகையைத் தவறவிட்டவனின் பாயும் மரமும் அப்பாறைகளிற் சிக்கி முறிவதை எங்கள் கண்ணெதிரே கண்டோம். பெறாமகன் அதனை மிகக் கவனமாகப் பார்த்தான். மணலிலோ பெரிய பச்சையாமைகள் கரையேறி, இவ்வாரவாரம் எதனையும் பொருட்படுத்தாது உறங்கின. நான் பெரும்பாலும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஓய்வின் பின், முழங்காற் கட்டுடன் மறுபடியும் கனஹா. தடுக்க வேண்டுமாயின் அதுவே தருணம். ஆனால் அவன் கரையில் நின்று வாய்க்குள் அலைகளை எண்ணுவதைக் கண்டேன். முன்னர் அவன் எண்ணியது ஆசிரியைக்காக. இருபது நிமிடம் இறங்கவேயில்லை. பெரிய கூட்டம் ஒன்று கழிந்ததும் சென்றான். முதல் நுரையில் மூக்கு உயர்ந்தது. இரண்டாவதில் விழுந்தான், இம்முறை கை பாயை விடவில்லை. பாயைக் காற்றுக்குக் குறுக்கே நீரினின்று தூக்க, அது அவனையும் இழுத்து நிறுத்தியது. பின்னர் பாருக்கு அப்பால் நீலத்தில் ஒரு சிறு முக்கோணம். அது திரும்பி வரும்வரை அம்மையாரும் நானும் பேசவில்லை.

இரவு அண்ணியுடன் பேசினேன். கண்டதனைத்தையும் கூறினேன், மூன்றாம் நாளையும் மறைக்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, அங்கே சோறு கிடைக்குமோ என்று கேட்டார். ஹவாயில் எந்த மத்தியான உணவோடும் சோறு வைப்பார்கள், இரண்டு அகப்பை நிறைய, என்றேன்.